வெயிலா, சர்க்கரையா? பெருந்தொற்றுச் சாவுக் கணக்கைப் படிப்பது எப்படி

2020 பங்குனியில் கொரோனா பற்றிய பேச்சு ஊரெங்கும் கிளம்பியபோது பலரும் சொல்லிக்கொண்ட ஆறுதல் ஒன்று உண்டு: நம்மூர் வெயிலுக்கு அந்தக் கிருமி தாங்காது. மறு வருடம் சித்திரை, வைகாசியில், கரூரும் ஈரோடும் கொதித்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் இரண்டாம் அலை உச்சிக்குப் போனது. 2021 மே கடைசி வாரத்தில் கோவை மாவட்டத்தின் தினசரித் தொற்று 4,000ஐத் தாண்டிச் சென்னையையும் முந்தியது. அப்போது எதிர்ப்பக்கமாகவும் சொல்லத் தோன்றும்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் குளிர்ந்த ஊர், அதனால்தான் கோவையில் இவ்வளவு என்று.

இரண்டிலும் ஒரே பிழைதான். வானிலையிலிருந்து சாவுக்கு நேராகக் கோடு இழுத்துவிடுகிறோம். தொற்று எப்போது, எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதில் காலநிலைக்குப் பங்கு உண்டு. தொற்றியவர்களில் யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வயது, உடலில் முன்பே இருக்கும் நோய் (இணைநோய்), நேரத்துக்குக் கிடைக்கும் சிகிச்சை ஆகியவை. இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால், அடுத்த பெருந்தொற்றில் வரும் செய்திகளில் பாதிக் குழப்பம் தீரும்.

சாவு விகிதம் என்றால் எந்த விகிதம்?

செய்தியில் வரும் 'சாவு விகிதம்' மூன்று வேறு கணக்குகளில் ஒன்றாக இருக்கலாம். ஒரு லட்சம் பேர் உள்ள கற்பனை ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20,000 பேருக்குத் தொற்று வந்தது. பரிசோதனையில் தெரிந்தவர்கள் 2,000 பேர். இறந்தவர்கள் 60 பேர். பரிசோதனையில் உறுதியானவர்களை வைத்து வகுத்தால் 3 சதவீதம். உண்மையில் தொற்றிய அத்தனை பேரையும் வைத்து வகுத்தால் 0.3 சதவீதம். ஊர் மக்கள்தொகையை வைத்து வகுத்தால் 0.06 சதவீதம்.

முதல் எண்ணை ரொம்பவும் நம்பக் கூடாது. பரிசோதனையை இரட்டிப்பாக்கி 4,000 பேரைக் கண்டுபிடித்தால் அது 1.5 ஆகிவிடும்; ஆனால் கூடுதலாக ஓர் உயிர்கூடப் பிழைத்திருக்காது. மாவட்டத்துக்கு மாவட்டம் சாவு விகிதம் மாறுகிறதே என்று வியப்பதற்கு முன் எங்கே எவ்வளவு பரிசோதனை நடந்தது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மக்கள்தொகையில் எத்தனை பங்கு பேருக்குத் தொற்றியதோ அதை, தொற்றியவர்களில் எத்தனை பங்கு பேர் இறந்தார்களோ அதனால் பெருக்கினால் மூன்றாவது எண் கிடைக்கும். மேலே உள்ள ஊரில் 20 சதவீதத்தை 0.3 சதவீதத்தால் பெருக்கினால் 0.06 வரும். காலநிலை முக்கியமாக முதல் பங்கைத் தொடுகிறது. இணைநோய் இரண்டாம் பங்கைத் தொடுகிறது. கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்தப் பெருக்கலுக்குள் அடங்கும்.

கொங்குப் பகுதியையே இதில் வைத்துப் பார்க்கலாம். 2021 ஜூன் 14இல் தமிழ்நாட்டில் ஊரடங்கைத் தளர்த்தியபோது 11 மாவட்டங்களுக்கு மட்டும் தளர்வு குறைவாகக் கொடுக்கப்பட்டது. அதில் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என ஏழு மேற்குப் பக்கத்தவை. அந்த ஜூன், ஜூலையில் மாநிலம் முழுக்க ரத்தத்தில் ஆன்டிபாடி தேடிப் பார்த்தபோது, தொற்றாலோ தடுப்பூசியாலோ எதிர்ப்பு உண்டானவர்கள் மாநில அளவில் சுமார் 66 சதவீதம் இருந்தார்கள். விருதுநகரில் 84. ஈரோட்டில் 37, மாநிலத்திலேயே குறைவு. அதாவது கிருமி இன்னும் தொடாத ஆட்கள் இங்கே நிறைய இருந்தார்கள். அலை மற்ற ஊர்களில் அடங்கும்போது இங்கே நீண்டதற்குக் கணவாய்க் காற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தொற்றியவர் எத்தனை பேர் என்றே தெரியாத இடத்தில் கைகொடுப்பது மிகை மரணக் கணக்கு. ஒரு ஊராட்சியின் இறப்புப் பதிவேட்டில் முந்தைய ஐந்து ஆண்டுகளின் ஏப்ரல், மே, ஜூன் சாவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். 40 என்று வைத்துக்கொள்வோம். தொற்று ஆண்டின் அதே மூன்று மாதங்களில் 70 என்றால் மிகை 30. அதே மாதங்களை ஒப்பிடுவது முக்கியம், ஏனென்றால் கடும் கோடையிலும் குளிரிலும் முதியவர்களின் சாவு எந்த ஆண்டிலும் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தைத் தொற்றின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் உலகம் முழுவதற்கும் இப்படி மதிப்பிட்ட மிகை மரணம் சுமார் 1.49 கோடி. நாடுகள் அறிவித்த கொரோனா மரணங்களோ 54 லட்சம் அளவில்தான். இந்தியாவுக்கு அது சொன்ன மதிப்பீடு சுமார் 47 லட்சம்; அரசின் எண்ணிக்கை 4.8 லட்சம் அளவில் இருந்தது. அந்தக் கணக்கிடும் முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எந்த எண்ணை எடுத்தாலும், அது எப்படி வந்தது என்று பார்க்காமல் காலநிலையோடு ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

முதலில் வயதைக் கழித்துவிடுங்கள்

கொரோனாவில் தொற்றியவர் இறக்கும் வாய்ப்பு வயதோடு சீராக ஏறவில்லை, பெருகிப் பெருகி ஏறியது. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில், பெரும்பாலும் பணக்கார நாடுகளின் தரவை வைத்துப் போட்ட கணக்கு இது: 25 வயதில் 0.01 சதவீதம், 55இல் 0.4, 65இல் 1.4, 75இல் 4.6, 85இல் 15 சதவீதம்.

இதைக் கொண்டு இரண்டு கற்பனை ஊர்களைப் பார்ப்போம். முதலாவது, திருப்பூர் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள குடியிருப்பு போன்றது. வேலைக்கு வந்த இளவட்டங்கள் அதிகம். தொற்றிய 10,000 பேரில் 8,000 பேர் 25 வயதுக்காரர்கள், 1,500 பேர் 55, 400 பேர் 65, 100 பேர் 75. வரக்கூடிய சாவு: 0.8, 6, 5.6, 4.6. கூட்டினால் 17. இரண்டாவது, பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட, தாத்தா பாட்டிகளான அப்புச்சிகளும் அம்மாயிகளும் தோட்டத்து வீட்டில் இருக்கும் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிராமங்கள் போன்றது. தொற்றிய 10,000 பேரில் 5,000 பேர் 25, 2,500 பேர் 55, 1,500 பேர் 65, 1,000 பேர் 75. சாவு: 0.5, 10, 21, 46. கூட்டினால் 77.5.

ஒரே கிருமி, ஒரே வெயில், ஒரே சிகிச்சை. ஆனாலும் சாவு நாலரை மடங்கு. வயதைச் சமப்படுத்தாமல் இரண்டு ஊர்களையோ இரண்டு நாடுகளையோ ஒப்பிட்டுவிட்டு 'அங்கே குளிர், இங்கே வெயில்' என்று சொல்வது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஐரோப்பாவில் குளிரும் அதிகம், முதியவர்களும் அதிகம்.

எல்லாத் தொற்றும் வயதை இப்படித் தாக்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1918 இன்ஃப்ளூயன்சா 20 முதல் 40 வயதுக்காரர்களையும் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோனது. 2009 பன்றிக் காய்ச்சலில் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. புதுக் கிருமி வந்தால் இந்த வயதுப் பட்டியலைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

காலநிலை எங்கே கை வைக்கிறது

காற்றில் பரவும் கிருமிக்குக் குளிர்ந்த, வறண்ட காற்று வசதியானது. காரணம் மூன்று. இருமலில் வெளிவரும் நீர்த்துளி வறண்ட காற்றில் சீக்கிரம் சுருங்கி, இலேசாகி, நெடுநேரம் மிதக்கிறது. கிருமியின் கொழுப்பு உறை குளிரில் நீடித்து நிற்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம் உலர்ந்து, கிருமியை வெளியே தள்ளும் நுண்மயிர்களின் வேகம் குறைகிறது. 2007இல் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த சோதனையில், 5 டிகிரியில் எளிதாகப் பரவிய இன்ஃப்ளூயன்சா 30 டிகிரியில் காற்று வழியே பரவவில்லை.

ஆனால் நம் நாட்டில் இதை அப்படியே பொருத்த முடியாது. ஸ்ரீநகரில் இன்ஃப்ளூயன்சா உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை, குளிர்காலத்தில். டெல்லியில் மழைக்காலத்தில். சென்னை, வேலூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு. வெப்ப நாடுகளில் காற்று எப்போதும் வறண்டிருப்பதில்லை. மழைக்கு ஒதுங்கி எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கூடுவது அங்கே பெரிய காரணம்.

கொரோனாவில் காலநிலையின் பிடி இன்னும் தளர்வாக இருந்தது. எதிர்ப்பே இல்லாத மக்களிடம் புதுக் கிருமி வரும்போது வெயிலின் சிறு தடையைத் தாண்டிப் பாய்ந்துவிடும். பூமத்திய ரேகையை ஒட்டி, வெக்கையும் ஈரமும் குறையாத பிரேசிலின் மனாஸ் நகரம் 2020 ஏப்ரலில் ஒருமுறை, 2021 ஜனவரியில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் இன்னொருமுறை நிலைகுலைந்தது. மக்கள்தொகைக் கணக்கில் உலகிலேயே அதிகச் சாவை அறிவித்த நாடு பெரு. அதுவும் வெப்ப மண்டலத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறோம். வானிலை ஆய்வு மையம் அளப்பது வெளிக்காற்றை. தொற்று நடப்பது உள்ளே. வெயிலின் புற ஊதாக் கதிர் கிருமியைச் சீக்கிரம் கொல்லும், உண்மைதான். அது மில்லுக்குள் வராது. நூற்பாலையில் நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்தை 55 முதல் 65 சதவீதம் அளவில் பிடித்து வைக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அந்த அளவு கெடும் என்பதால் அடைத்தே இருக்கும். உள்காற்றே பெரும்பாலும் திரும்பத் திரும்பச் சுற்றும். வெளியே பல்லடத்தில் 38 டிகிரியோ 28 டிகிரியோ, மூன்று ஷிப்டும் உள்ளே இருப்பவருக்கு ஒரே காலநிலைதான். ஏசி போட்ட ஜவுளிக்கடையும் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமும் அப்படியே. காற்றோட்டத்தை அளக்க எளிய வழி கார்பன் டை ஆக்சைடு மீட்டர். வெளியே சுமார் 420 காட்டும். உள்ளே 1,000ஐத் தாண்டினால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று பொருள். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்பு. கிழக்கு, மேற்கு ஜன்னல்கள் இரண்டையும் திறந்தால்தான் அது வீட்டுக்குள் ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வாசலிலேயே நின்றுவிடும்.

காலநிலையைக் குற்றம் சொல்லும் முன் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்குக் கோவைக்கு நெருக்கமான பழைய பாடம் ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பிளேக் பலரைக் கொன்றது. நகரில் இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் சாட்சி. கடலோரச் சென்னை பெரும்பாலும் தப்பித்தது. வெப்பம்தான் காரணம் என்று சொல்ல நியாயம் இருந்தது: பிளேக்கைப் பரப்பும் எலித் தெள்ளுப்பூச்சி கடும் வெயிலில் நீண்ட நாள் வாழாது, 28 டிகிரிக்கு மேல், பரவலுக்கு உதவும் கிருமி அடைப்பு அதன் குடலில் உண்டாவதும் குறையும். பின்னால் ஃபேபியன் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர், சென்னையிலும் கொழும்பிலும் எலிகளின்மேல் அதிகம் இருந்தது வேறு இனத் தெள்ளுப்பூச்சி, அது பிளேக்கை அவ்வளவு நன்றாகப் பரப்பாது என்று காட்டினார். வெப்பத்தின் பங்கு பொய்யில்லை. ஆனால் அதன் பின்னால் இன்னொரு காரணம் ஒளிந்திருந்தது.

இணைநோய் உடலில் என்ன செய்கிறது

தமிழ்நாட்டின் தினசரி கொரோனா அறிக்கையில் இறந்தவர்களை 'இணைநோய் உள்ளவர்', 'இணைநோய் இல்லாதவர்' என்று பிரித்திருந்தார்கள். 'அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தது' என்று கேட்டதும் பலருக்கு நிம்மதி. அந்த நிம்மதி நியாயமற்றது. சர்க்கரையோ பிரஷரோ உள்ள 55 வயதுக்காரர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இன்னும் இருபது வருடம் வாழக்கூடியவர். அவரைக் கொன்றது தொற்றுதான். சர்க்கரை அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இணைநோய் உள்ளவர்கள் எங்கேயோ இருக்கும் சிறு கூட்டமில்லை, ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவர்.

சர்க்கரை நோயைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியிருக்கும்போது கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே புண்பட்டிருப்பதால் நுரையீரலில் ரத்தம் எளிதில் உறைகிறது. காய்ச்சலே உடலுக்கு ஒரு நெருக்கடி. அதில் சர்க்கரை இன்னும் ஏறும். 2020இல் இங்கிலாந்தில் 1.7 கோடிப் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வயது முதலியவற்றைச் சமப்படுத்திய பிறகு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களின் கொரோனா மரண ஆபத்து நோய் இல்லாதவர்களைவிட சுமார் 1.3 மடங்கு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.5க்கு மேல் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 2 மடங்கு. நோய் உண்டா இல்லையா என்பதைவிட, கட்டுக்குள் உண்டா இல்லையா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதே ஆய்வில் சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு. மிகையான உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 2 மடங்கு; வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் அடிப்பகுதி விரியவிடாது. உயர் ரத்த அழுத்தமோ, வயது, பருமன், சர்க்கரை எல்லாவற்றையும் கழித்தபின் தனியாகப் பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. மருத்துவமனையில் இறந்தவர்களில் பிரஷர்காரர்கள் அதிகம் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், சர்க்கரையும் உள்ளவர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பக்கவாதமும் மாரடைப்பும் தனியாக வந்து நிற்கும்.

இந்தப் பகுதிக்கே உரியதாக நுரையீரலைச் சொல்ல வேண்டும். பல வருடம் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு வரும் நோயில், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது அடையாளம். விறகடுப்புப் புகையும் பீடியும் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. இவர்களுக்கு நுரையீரலில் கையிருப்பு குறைவு. நல்ல நுரையீரல் தாங்கிவிடும் அளவு நிமோனியாவே இவர்களை ஆக்சிஜனில் கொண்டுபோய் நிறுத்தும். மில்லில் வேலை பார்த்ததை மருத்துவரிடம் சொல்லாமல் விடுகிறார்கள். அவரும் பல நேரம் கேட்பதில்லை.

சிகிச்சையும் இணைநோயோடு மோதலாம். தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அதிகபட்சம் 10 நாள்: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் இது குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. 2021இல் பலர் காய்ச்சல் வந்த முதல் நாளே கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கினார்கள். சர்க்கரை 400, 500 என்று ஏறியது. அந்த உடலில்தான் கருப்புப் பூஞ்சை மூக்கிலும் கண்ணிலும் வேர்விட்டது.

இரண்டும் சேரும் இடம்

காலநிலை நேரடியாகக் கொல்லாவிட்டாலும், இணைநோயை மோசமாக்கி அதன் வழியே கொல்லும். 1918இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. அரைப்பட்டினியில் இருந்த மக்களிடம் இன்ஃப்ளூயன்சாவின் இரண்டாம் அலை வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். பம்பாய் மாகாணம் நம் சென்னை மாகாணத்தைவிட மோசமாக அடிபட்டது. அன்றைய இணைநோய் பசி.

இன்றைக்கு அது வேறு உருவில் வரும். கோடையில் காய்ச்சல் வந்தால் வேர்வையிலும் மூச்சிலும் நீர் போகிறது. நோயாளி பிரஷருக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் போகும். அதன்மேல் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் சிறுநீரகம் இரண்டே நாளில் படுத்துவிடலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். சிறுநீர் மஞ்சளாக, குறைவாகப் போகிறதா என்று பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் எதைத் தற்காலிகமாக நிறுத்துவது என்று மருத்துவரைக் கேளுங்கள். இதய நோயாளி, சிறுநீரக நோயாளி எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

இன்சுலின் வெயிலில் கெடும். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்ததைப் பொதுவாக 30 டிகிரிக்குள் 28 நாள் வரை வைத்திருக்கலாம். கரூரில் சித்திரை மதியம் ஓட்டு வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, அதில் மூடிய டப்பாவில் இன்சுலினை வைக்கலாம். காற்று வறண்டிருக்கும்வரை இது நன்றாகக் குளிரும். மழை நாளில் அவ்வளவாகக் குளிராது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் வெக்கையில் பொய் சொல்லும். டப்பாவை மூடியே வையுங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைப் படிப்பதிலும் இடம் பார்க்க வேண்டும். சமவெளியில் 94க்குக் கீழே போனால் மருத்துவமனை. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து, ஆறு நிமிடம் வீட்டுக்குள் நடந்தபின் 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலும் போக வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் நலமாக இருப்பவருக்கே ஓரிரு புள்ளி குறைவாகத்தான் காட்டும்; அதனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பார்த்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மார்கழிக் குளிரில் விறைத்த விரல் தவறான எண்ணைத் தரும்; கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பது தெரிந்த குறை. ஆகவே எண் 95 காட்டியும் பேச்சில் மூச்சு வாங்கினால் மூச்சு வாங்குவதையே நம்புங்கள்.

வீட்டில் 60 தாண்டியவர், சர்க்கரைக்காரர், மில்லில் நாளைக் கழித்தவர் யாராவது இருந்தால், தொற்று வராத காலத்தில் செய்து வைக்கக்கூடியவை சில உண்டு. ஹெச்பிஏ1சியைப் பார்த்து, மருத்துவர் சொல்லும் இலக்குக்கு, பலருக்கு அது 7, கொண்டுவருவது முதல் வேலை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பெயர் சேர்த்திருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஒரு மாத மாத்திரை கையில் இருக்கட்டும். ஊரடங்கில் பலருக்குச் சர்க்கரை ஏறியது மாத்திரை தீர்ந்ததால். நிமோனியாத் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இன்ஃப்ளூயன்சாத் தடுப்பூசிக்கு உடல் தயாராக இரண்டு வாரம் ஆகும். தமிழ்நாட்டில் அந்தக் காய்ச்சல் ஐப்பசி மழையோடு ஏறுவதால், அதை ஆவணி, புரட்டாசிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.